அரசு ஆய்வகங்களை யார் கேள்வி கேட்பது? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கருவிகள் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. பிஎச்.டி. பண்ணும் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் கேட்கிறார்கள். எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் ஒருவர், "சார், உங்க லேப்ல எல்லாம் யாராவது வந்து கணக்கு கேப்பாங்களா, இல்ல அவங்க சொல்றதுதானா?" என்றார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சென்னையில் இருக்கும் தேசிய ஆய்வகங்கள் எல்லாம் ஒரே துறைக்குக் கீழே வருகின்றனவா?

இல்லை. அடையாற்றில் 1948இல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் சி.எஸ்.ஐ.ஆர். என்கிற அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தவை. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அயப்பாக்கம் தொற்றுநோயியல் நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு; அதற்கு மேலே சுகாதார அமைச்சகம். பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் புவி அறிவியல் அமைச்சகம். ஆவடியில் டாங்கி வடிவமைக்கும் ஆய்வகம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. கல்பாக்கம் அணுசக்தித் துறை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒரு விதிப்புத்தகம். சி.எஸ்.ஐ.ஆர். சட்டப்படி பார்த்தால் 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம்தான். அதன் தலைவர் பிரதமர். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

பணத்துக்குக் கணக்கு கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், நன்றாகவே கேட்கிறார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் வந்து உட்கார்ந்தால் ஸ்டோர்ஸ் பிரிவில் யாருக்கும் மதியச் சாப்பாடு இறங்காது. இன்டென்ட் எங்கே, கொட்டேஷன் எங்கே, ஒப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அன்று லீவில் இருந்தாரே, எப்படி? பெரிய குறையென்றால் அது ஆடிட் பாரா, அதாவது எழுத்துப்பூர்வமான ஆட்சேபணை ஆகும். இன்னும் பெரிதென்றால் அறிக்கையாகி நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரை போகும். இஸ்ரோவின் வணிக நிறுவனமான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு 2005இல் போட்ட எஸ்-பேண்ட் என்கிற செயற்கைக்கோள் அலைவரிசை ஒப்பந்தம் 2011இல் ரத்தானது. 2012இல் தணிக்கையாளர் அதைப் பிரித்து மேய்ந்தார். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. எனக்கு நினைவிருக்கும் ஒரு தணிக்கையில் நானூறு ரூபாய் கூட பெறாத ஒரு வெப்பமானியைக் காணவில்லை என்று நான்கு நாள் தேடினோம். கடைசியில் ஒரு டிராயரில், உடைந்த நிலையில் கிடைத்தது. உடைந்ததைக் கழிக்க இன்னொரு கமிட்டி. அதே மாதம் எங்கள் ஆய்வகத்திலிருந்து வெளியான ஒரு கட்டுரையில், இரண்டு வெவ்வேறு மாதிரிகளுக்கு என்று போட்டிருந்த இரண்டு வளைகோடுகளும் ஒன்றே என்பது என் கண்ணில் பட்டது. அந்தக் கருவியை ஓட்டியது நான்தான். இரண்டாவது மாதிரி என்னிடம் வரவே இல்லை. போய்ச் சொன்னேன். "நீங்க மெஷினைப் பாருங்க சார்" என்றார் விஞ்ஞானி. அவ்வளவுதான். அந்த வளைகோட்டைக் கேட்க எந்த ஆடிட்டும் வரவில்லை. அதைக் கேட்கிற ஆடிட் என்று ஒன்று கிடையவும் கிடையாது.

(கொள்முதல் விதிகளை 2025 ஜூனில் கொஞ்சம் தளர்த்தினார்கள். அறிவியல் நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. நல்லதுதான். ஒரு கெமிக்கலுக்காக ஆறு மாதம் காத்திருந்து ஆராய்ச்சி மாணவர்களின் ஃபெலோஷிப்பே முடிந்துபோனதைப் பார்த்தவன் நான்.)

அப்படியானால் ஆய்வின் நேர்மையை யார் பார்க்கிறார்கள்?

பத்திரிகையின் மதிப்பாய்வாளர் ஒருவர், தூரத்திலிருந்து, எழுதிக் கொடுத்ததை மட்டும். மூலத் தரவை அவர் கேட்பது அபூர்வம். நிறுவனத்துக்குள் நெறிமுறைக் குழு இருக்கும். புகார் வந்தால்தான் கூடும்.

அமெரிக்காவில் சுகாதாரத் துறைப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கென்று 1992இலிருந்து ஆய்வு நேர்மை அலுவலகம் ஒன்று உண்டு. விசாரிக்கும், கண்டுபிடித்ததைப் பெயரோடு வெளியிடும். நம் நாட்டில் அப்படிச் சட்ட அதிகாரம் உள்ள அலுவலகம் எதுவும் இல்லை. டெல்லியில் 1986இல் விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தன்னார்வ அமைப்பு, கடிதம் எழுதலாம், கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். பதில் போடாதவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதே, அது போதாதா?

அது சொற்களைப் பார்க்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை, 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் போனால் ஆய்வேட்டுப் பதிவே ரத்து. விளைவு என்ன தெரியுமா? வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சதவீதத்தை ஒன்பதுக்குக் கொண்டுவரும் கடைகள் கிளம்பிவிட்டன. முழுக்கக் கற்பனையான தரவை சொந்த வார்த்தையில் எழுதினால் சாஃப்ட்வேர் பூஜ்யம் காட்டும், கைடு கையெழுத்துப் போடுவார்.

தரவு மோசடி பிறகு எப்படித்தான் பிடிபடுகிறது?

பெரும்பாலும் யாரோ ஒரு வெளியாள் படங்களை உற்றுப் பார்ப்பதால். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் சகாக்களோடு 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து 2016இல் வெளியிட்ட கணக்கில் 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருந்தன. ஒரே புரதப் பட்டையைத் திருப்பிப் போட்டு வேறொன்று என்று சொல்வது, ஒரே செல் படத்தை இரண்டு இடத்தில் ஒட்டுவது, இப்படி.

2019இல் லக்னோவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நச்சியல் ஆய்வகத்தின் நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இப்படிப்பட்ட படங்கள் இருப்பதாக, வெளியான கட்டுரைகளை அலசும் பப்பியர் இணையதளத்தில் குறித்துவைத்தார்கள். அந்த விஷயம் செய்தித்தாளில் பெரிதாக வந்த பிறகுதான் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நெறிமுறைக்கென்று வழிகாட்டுதல்களை வகுத்தது. அதற்கு முன்பு சுமார் எழுபத்தைந்து ஆண்டுகள் நம்பிக்கையிலேயே ஓடியது. குறித்துவைத்த எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. தவறான கோப்பை ஒட்டிய கவனக்குறைவும் இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல மூலப் படம் வேண்டும். "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்பதுதான் நம் ஊர்ப் பதில்.

நிறுவனமே தன் ஆளை விசாரித்தால் நியாயம் கிடைக்குமா?

புனேயில் ஒரு தேசிய ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2005இல் வந்த ஒரு கட்டுரையின் படங்கள், அதே குழுவின் முந்தைய கட்டுரையிலிருந்து எடுத்தவை என்று புகார். மூத்த விஞ்ஞானிகள் கொண்ட ஒரு குழு விசாரித்து, தவறில்லை என்றது. மேலே சொன்ன டெல்லிச் சங்கம் பார்த்து, தவறு என்றது. அமெரிக்கப் பத்திரிகை 2007இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2010இல் இந்திய அறிவியல் அகாதமி அந்த விஞ்ஞானியைத் தன் செயல்பாடுகளிலிருந்து மூன்றாண்டு விலக்கிவைத்தது. படங்கள் அதேதான், பார்த்தவர்கள்தான் வேறு.

விசாரிக்கும் குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதில்லை. ஒரே கேன்டீன், ஒரே பதவி உயர்வுக் கமிட்டி, ஒருவர் மாணவருக்கு இன்னொருவர் தேர்வாளர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைக் கூப்பிட்டு சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்ட மாதிரி.

கல்பாக்கத்தை யார் கண்காணிக்கிறார்கள்?

இதைக் கேட்காத சென்னைக்காரர் இல்லை. ஊருக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் வந்தது. வாரியம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறையின் செயலாளரேதான். அதாவது அணு உலையைக் கட்டுகிறவருக்குத்தான், அந்த உலை பத்திரமா என்று பார்க்கிறவர் பதில் சொன்னார். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைப் பச்சையாகவே எழுதினார்: வாரியம் ஒரு துணை அலுவலகத்தின் நிலையில்தான் இருக்கிறது என்று. அதே அறிக்கையில் நம் வீட்டருகே ஸ்கேன் சென்டருக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 52,173 வாரியத்தின் பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

கல்பாக்கத்திலேயே நடந்தது இன்னும் உறைக்கும். 2000ஆம் ஆண்டில் ஓர் உத்தரவு போட்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை வாரியத்தின் வரம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்; பாதுகாப்பை மையமே தனக்குள் பார்த்துக்கொள்ளும். கல்பாக்கத்தின் எரிபொருள் மறுசுழற்சி ஆலை அந்த மையத்தைச் சேர்ந்தது. 2003 ஜனவரி 21 அன்று அங்கே ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிர்வீச்சுள்ள கழிவு, குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டிக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கதிர்வீச்சுக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. மாதிரி எடுக்கப் போன ஆறு ஊழியர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரு தொழிலாளிக்கு எந்த ஒரு வருடத்திலும் அதிகபட்ச வரம்பே 30.

ஊருக்கு எப்போது தெரிந்தது? சுமார் ஆறு மாதம் கழித்து. அதுவும் நிர்வாகம் தானாக வந்து சொல்லவில்லை. ஊழியர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று எழுதி, கேட்டு, வேலைநிறுத்தம் வரை போன பிறகு. ஒழுங்குமுறை வாரியம், தணிக்கையாளர், நாடாளுமன்றக் குழு எல்லாம் இருக்கும் நாட்டில் அந்தச் செய்தியை வெளியே கொண்டுவந்தது ஆலைக்குள் வேலை பார்த்த தொழிலாளிகள்.

தனி ஆணையம் அமைக்க 2011இல் ஒரு மசோதா வந்தது. மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்திருக்கிறது. சந்தோஷம். உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் சம்பளம் போடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மீதிச் சந்தோஷம்.

எல்லாமே இப்படித்தானா? அரசு ஆய்வகம் நேர்மையாக நடந்த உதாரணமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் சேத்துப்பட்டில். உலகமே பாடம் படித்த இரண்டு ஆய்வுகள்.

1956இல் அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்தன. கேள்வி எளிமையானது: காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டு, மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் குணமாகுமா? நகரத்துக் குடிசைகளில் இருந்த நோயாளிகளில் யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்று சீட்டுக் குலுக்குகிற மாதிரி பிரித்து, இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. நெருக்கமான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சானடோரியம் கட்டுவதே கௌரவம் என்றிருந்த காலம் அது.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பி.சி.ஜி. தடுப்பூசியை 1951இலிருந்து அரசு நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தது. 1955இல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்தார், பெரிய சண்டை. (அவர் சொன்ன காரணங்கள் வேறு, பின்னால் வந்த முடிவை வைத்து அவரை விஞ்ஞானி ஆக்கிவிட வேண்டாம்.) 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பரிசோதனை தொடங்கியது. 2,81,161 பேருக்கு ஊசி. சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பின்னால் சளியைச் சோதித்தவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டு கழித்து, யாருக்கு எது என்ற குறியீட்டைத் திறந்து பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.க்கும் அந்த வெறும் திரவத்துக்கும் வித்தியாசமே இல்லை. யோசித்துப் பாருங்கள். நடத்தியது அரசு. ஊசி போடச் சொல்லி ஊர் ஊராகப் போனதும் அரசு. கிண்டியில் அதே ஊசியைத் தயாரிக்கும் ஆய்வகம் வைத்திருந்ததும் அரசு. கையில் வந்த முடிவு அத்தனைக்கும் சங்கடம். 1979, 80இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து குடைந்தார்கள். எங்கே தப்பு என்று தேடினார்கள். பின்தொடர்வதை நிறுத்தவில்லை. 15 ஆண்டு முடிவை 1999இல் வெளியிட்டார்கள்; அதுவும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் பேரக்குழந்தைக்கு ஊசியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

அந்தப் பரிசோதனையில் நேர்மையைக் காப்பாற்றியது யாருடைய நல்ல மனமும் மட்டுமல்ல. குறியீட்டுப் பட்டியல் ஆய்வு நடத்துகிறவர் கையில் இல்லை, மூன்று அமைப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஆசைப்பட்டாலும் மாற்ற முடியாதபடி கட்டியிருந்தார்கள்.

கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தை மூடினார்களே, அது ஏன்?

2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. நல்ல உற்பத்தி முறைத் தரம் இல்லை என்பது காரணம். உரிமம் தரும் மருந்துக் கட்டுப்பாட்டாளரும் சுகாதார அமைச்சகம், இந்த நிலையங்களும் சுகாதார அமைச்சகம். வருடக்கணக்கில் பராமரிக்கப் பணம் தராமல் விட்டவரே வந்து பராமரிப்பு சரியில்லை என்று பூட்டுப் போட்டார் என்று எதிர்ப்பு கிளம்பியது. தனியாருக்காகச் செய்தார்கள் என்றும் பேச்சு. 2010இல் தடை விலக்கப்பட்டது. தரக் குறை பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரே அமைச்சகம் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தால், அது சொல்லும் உண்மையைக் கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

நியூட்ரினோ திட்டத்தை எதிர்த்தவர்கள் அறிவியலுக்கு எதிரிகளா?

நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனி பொட்டிபுரத்தில் மலைக்கு அடியில் ஆய்வுக்கூடம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. என் சகாக்கள் பலர், "படிக்காதவங்க தடுக்கறாங்க" என்று புலம்பினார்கள். நியூட்ரினோ ஆபத்து என்று மேடையில் பேசியவர்களின் இயற்பியல் தப்புதான். அது இந்த நிமிடமும் நம் உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு வழக்குப் போட்டபோது, 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு பார்த்தது இயற்பியலை அல்ல, காகிதத்தை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த மையத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தும் திட்டத்தைக் கட்டடம் கட்டுகிற வகையில் சேர்த்து எளிதாக அனுமதி வாங்கியிருந்தார்கள். அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு 2018இல் சிறப்பு நேர்வாக வேறு அனுமதி வாங்கினார்கள், தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது, அது தனிக் கதை. துகளைப் பத்து தசம இடம் வரை அளக்கிறவர்கள் ஒரு விண்ணப்பத்தைச் சரியான வகையில் போட்டிருக்கலாம்.

அரசே விஞ்ஞானிகளிடம் ஆலோசனை கேட்கும்போது?

2010இல் பி.டி. கத்தரிக்காய், அதாவது மரபணு மாற்றிய கத்தரிக்காய்ச் சண்டை. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நாட்டின் ஆறு அறிவியல், பொறியியல், மருத்துவ அகாதமிகளிடம் அறிக்கை கேட்டார். வந்த அறிக்கையில் சில பகுதிகள், மரபணுப் பயிரை ஆதரித்து முன்பே வந்த ஒரு கட்டுரையிலிருந்து வரிக்கு வரி எடுத்தவை. அமைச்சர் ஒதுக்கித் தள்ளினார். திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, காப்புரிமைச் சட்டம் பற்றி சி.எஸ்.ஐ.ஆரின் முன்னாள் தலைமை இயக்குநர் மஷேல்கர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையிலும் இதே பிரச்சினை. அவர் அதைத் திரும்பப் பெற்றார். பேர் பெரிதாக இருந்தால் யாரும் பக்கம் புரட்டமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

"அரசு ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

சான்றிதழை வாங்கிக் கடைசி வரியைப் படியுங்கள். "அளிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்றிருக்கும். யாரோ ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்ததைச் சோதித்தோம், அவ்வளவே. கடையில் விற்பது அதுதானா என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. 1996இல் மூலிகை பெட்ரோல் என்று ஊரே ஆடியதே, நினைவிருக்கிறதா? அதிகாரிகள் முன்னால் செய்து காட்டியதே சான்றாகிவிட்டது. கண்முன் நடந்தது என்பது ஒரு சோதனை இல்லை.

அரசு விஞ்ஞானி அரசின் கொள்கையை வெளிப்படையாக விமர்சிக்கலாமா?

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, ஒன்பதாவது விதி: அரசின் தற்போதைய, அண்மைய கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது. சி.எஸ்.ஐ.ஆர். ஊழியர்களுக்கும் இந்த விதிகளே. கட்டுரையில் "இந்த ஆற்றில் இவ்வளவு குரோமியம் இருக்கிறது" என்று எழுதலாம். தொலைக்காட்சியில் போய் "ஏன் இன்னும் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் மெமோ வரலாம். 2017 ஆகஸ்ட் 9 அன்று நாட்டின் பல நகரங்களில் அறிவியலுக்காக ஊர்வலம் போனபோது எங்கள் ஆட்களில் பலர் கடைசி நிமிடத்தில் காய்ச்சல் என்றார்கள். நானும் போகவில்லை. ஓய்வூதியம் இரண்டு வருடத்தில் இருந்தது.

சாதாரண ஆள் தகவல் கேட்டால் கொடுப்பார்களா?

தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய், முப்பது நாள். கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தில் முதல் மேல்முறையீடு, அப்புறம் மத்திய தகவல் ஆணையம். ஆவடிக்குப் போட்டால் பெரும்பாலும் திரும்பி வரும், டி.ஆர்.டி.ஓ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றது, ஊழல், மனித உரிமை மீறல் புகாருக்கு மட்டும் கதவு திறக்கும். அணுசக்தியில் எட்டாவது பிரிவின் "நாட்டின் அறிவியல் நலன்" என்ற சொல்லைக் காட்டுவார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். "மோசடி நடந்ததா?" என்று கேட்காதீர்கள்; "அப்படி ஆவணம் இல்லை" என்று வரும். "இன்ன தேதியில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் அறிக்கையின் நகல்" என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கிறவர் பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க வழி?

ஊழலைப் பற்றிப் புகார் எழுதிய சத்யேந்திர துபே என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் 2003இல் கொல்லப்பட்ட பிறகு, 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் எழுதலாம். உறை மேல் பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று இருக்க வேண்டும், உங்கள் பெயர் இருக்கக் கூடாது. உள்ளே கடிதத்தில் பெயரும் முகவரியும் கட்டாயம். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2014இல் இதற்கென்றே சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார். ஆனால் அமலுக்குக் கொண்டுவராமலே கிடப்பில் போட்டார்கள்.

இந்த வழி ஊழலுக்கும் பதவி துஷ்பிரயோகத்துக்கும்தான். வளைகோட்டைக் காப்பியடித்தது இதில் வராது. அதற்குப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுவதே பலன் தருகிறது. எந்தப் படம், எந்தப் பக்கம், எதோடு ஒத்துப்போகிறது என்று மட்டும். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

என் கைடு இரண்டு புள்ளிகளை நீக்கச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான்மா. முதலில், எல்லா நீக்கமும் மோசடி இல்லை. கருவி சூடாகாமல் எடுத்த அளவை விடுவது நியாயம். விட்டதையும் ஏன் விட்டோம் என்பதையும் கட்டுரையில் எழுதினால் பிரச்சினையே இல்லை. "சார், இதை அடிக்குறிப்பில போட்டுடலாமா?" என்று கேட்டுப் பார். அதற்கு அவர் கோபப்பட்டால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கோபப்பட்டால் சண்டை போடாதே. உன் ஃபெலோஷிப், உன் நாலு வருடம், அவர் கையெழுத்து. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது எளிது. ஆனால் கருவி கொடுத்த மூலக் கோப்பை அழிக்காதே. ஒரு பிரதியைத் தேதியோடு பத்திரப்படுத்து. அவர் சொன்னதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாக, மரியாதையாக, "நீங்கள் சொன்னபடி 4, 7 ஆகிய அளவுகளை நீக்கியிருக்கிறேன் சார்" என்று அனுப்பு. பாதிப் பேர் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததுமே "இருக்கட்டும், போட்டுடு" என்பார்கள்.

அப்புறம், தாளைக் கிழித்தால் தெரிகிற மாதிரி பக்க எண் அச்சடித்த, தைத்த நோட்டு ஒன்று வைத்துக்கொள். பென்சில் கூடாது. தவறானதை ஒரே கோட்டில் அடி, ஒயிட்னர் போடாதே. வாரம் ஒருமுறை பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கு. ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட்டால் அந்த மாதிரி நோட்டு கொடுப்பார்கள். இல்லையென்று சொன்னால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். பில்லைக் கேட்டு வாங்கிக்கொள், நோட்டுக்கு ஆடிட் வரும்.